மலையகத்திலிருந்து கட்டுநாயக்க போய் விமானம் பிடிக்க: தூரமும் நேரமும் கணக்குப் போடும் முறை

ஹட்டன் டவுனில் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, பில் கட்டுவது, விமான டிக்கெட், கட்டுநாயக்க எயார்போட் போக வேன் பேசிக் கொடுப்பது எல்லாம் ஒரே மேசையில்தான். முதல் தடவை பயணம் போகிறவர்கள் வந்து உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்வி: “அண்ணே, இங்கயிருந்து கட்டுநாயக்க எத்தனை கிலோமீற்றர்?”

145 என்று சொன்னால் உடனே மனதுக்குள் ஒரு வகுத்தல் நடக்கும். வேன் அறுபதில் ஓடும், அப்படியென்றால் இரண்டரை மணித்தியாலம். இந்தக் கணக்கோடு வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் கினிகத்தேனை இறக்கத்தில் லொறிக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குப் போன் எடுப்பார்கள். நான் அங்கிருந்து என்ன செய்ய முடியும்?

எங்கள் பக்கத்தில் கிலோமீற்றரைக் கேட்பதே பாதிப் பிழை. மணித்தியாலத்தைக் கேட்க வேண்டும், அதையும் விமானம் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். ஒன்றில் கிடைக்கும் விடைதான் அடுத்ததற்கு வேண்டும்.

1. கணக்குக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

டிக்கெட்டின் அச்சுப் பிரதி. போனில் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். சாமத்தில் சார்ஜ் இறங்கிய போனை வைத்துக்கொண்டு நேரம் பார்க்க முடியாது. பேப்பரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்தால் வீட்டில் உள்ள எல்லோரும் பார்ப்பார்கள்.

அடுத்தது, நீங்கள் கிளம்பும் இடம் எது என்ற தெளிவு. “தலவாக்கலையிலிருந்து” என்பார்கள். விசாரித்தால், வீடு இருப்பது தோட்டத்தின் மேல் டிவிசனில், டவுனுக்கு 8 கிலோமீற்றர். தோட்டத்து ரோட்டில் அந்த எட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் போகும். மழை நாளில் வேன் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) வாசல் வரை வருமா, இல்லை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் சந்தி வரை நடக்க வேண்டுமா? இதை முதலே கேட்டு வையுங்கள்.

மூன்றாவது, எந்த வாகனம். ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் அதிவேகப் பாதையில் ஏற முடியாது. “தம்பி ஆட்டோவிலேயே கொண்டுபோய் விடுவான்” என்றால் கொழும்புப் பக்கத்து நெரிசலுக்குள் புகுந்து வர வேண்டும். கணக்கு முழுவதும் மாறிவிடும்.

நான்காவது, எந்த மாதம், எந்தக் கிழமை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2. டிக்கெட்டில் உள்ள தேதியையும் நேரத்தையும் சரியாக வாசியுங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இங்கே பிழை விட்டால் மிச்சக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் பிரயோசனமில்லை.

டிக்கெட்டில் 24 மணித்தியாலக் கணக்குத்தான் இருக்கும். 15ஆம் தேதி 01.05 என்றால் 14ஆம் தேதி இரவு தாண்டி வரும் சாமம். நீங்கள் எயார்போட்டில் நிற்க வேண்டியது 14ஆம் தேதி இரவு 10 மணிக்கு. வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி பின்னேரம். “15 தானே போட்டிருக்கு” என்று 15ஆம் தேதி இரவு பெட்டி கட்டி நின்ற குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். இப்போது நள்ளிரவுக்குப் பிந்திய டிக்கெட் எது வந்தாலும் “வீட்டை விட்டுக் கிளம்பும் நாள்: 14, பின்னேரம்” என்று மேலே கையால் எழுதித்தான் கொடுக்கிறேன்.

அப்புறம், டிக்கெட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் சென்னை, திருச்சி, மதுரைக்குக் குழப்பமில்லை. வளைகுடாவுக்குப் போகிறவர்கள்தான் தடுமாறுவார்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். கட்டார், குவைத், சவூதி மூன்றும் இரண்டரை மணித்தியாலம் பின்னால். மாலை 18.30க்குப் புறப்பட்டு துபாயில் 21.30க்கு இறங்கும் என்றிருந்தால், பறப்பது மூன்று மணித்தியாலம் அல்ல, நாலரை. அங்கே அழைத்துப்போக வருகிறவர்களுக்கு அவர்கள் ஊர் நேரத்தையே சொல்லுங்கள். நீங்களாகக் கூட்டிக் கழித்துச் சொன்னால் அவர்களும் ஒரு தடவை கழிப்பார்கள்.

3. நேர்கோட்டுத் தூரத்தையும் ரோட்டுத் தூரத்தையும் பிரித்துப் பாருங்கள்

இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் “வான்வழித் தூரம்” என்று ஒரு எண் வரும். அது வரைபடத்தில் நூல் பிடித்து அளந்த நேர்கோடு, அவ்வளவுதான். அந்த இரண்டு ஊருக்கும் இடையில் விமானம் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. நுவரெலியாவிலிருந்து சென்னைக்கு 670 கிலோமீற்றர், பறக்க முக்கால் மணித்தியாலம் என்று காட்டும். நுவரெலியாவில் பயணிகள் விமானம் ஏறும் இடம் எங்கே இருக்கிறது? மலையகத்தில் எந்த ஊரிலிருந்தும் வெளிநாடு போக, முதலில் மலை இறங்கித்தான் ஆக வேண்டும்.

இந்த நேர்கோட்டை நீங்களே அளக்கலாம். கூகுள் மேப்பில் ஊரை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது வடக்கு தெற்கு, இரண்டாவது கிழக்கு மேற்கு. நம் நாட்டில் முதலாவதில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீற்றர், இரண்டாவதில் சுமார் 110.

ஹட்டன் 6.89, 80.60. நுவரெலியா 6.97, 80.78. வித்தியாசங்களைப் பெருக்கினால் வடக்கே 9 கிலோமீற்றர், கிழக்கே 20. பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குப் போட்டால் நேர்கோடு சுமார் 22 கிலோமீற்றர். ரோட்டில் போனால் கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று வளைந்து வளைந்து 45க்கு மேல். இரண்டு மடங்கு. கண்டியிலிருந்து நுவரெலியாவும் அப்படித்தான்: நேர்கோடு 40க்குள், ரோட்டில் 77.

ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் சுமார் 86 கிலோமீற்றர், ரோட்டில் சுமார் 145. கீழ்நாட்டுப் பகுதி சேர்ந்துவிடுவதால் இங்கே இரண்டு மடங்கு ஆகவில்லை. ஹட்டனிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் 310 சொச்சம், ரோட்டில் 400க்குக் கிட்ட. கண்டி தாண்டியதும் ஏ9 பெருந்தெரு ஓரளவு நேராக ஓடுவதால் வித்தியாசம் கால் பங்குதான். நேர்கோட்டுக்கும் ரோட்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு வளைவு, அவ்வளவு தாமதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வானத்திலும் நேர்கோட்டுக் கணக்கு அப்படியே ஒத்துவராது. கட்டுநாயக்கவிலிருந்து சென்னை சுமார் 645 கிலோமீற்றர், திருச்சி சுமார் 420, மதுரை 350 சொச்சம். விமானம் மணிக்கு 850 ஓடும் என்று வைத்தால் சென்னைக்கு 45 நிமிடம் வர வேண்டும். டிக்கெட்டிலோ ஒன்று இருபது, ஒன்றரை என்று இருக்கும். விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய்த் தரிப்பிடத்தில் நிற்கும் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவதற்கு வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். திருச்சிக்குத் தூரம் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தும் நேரம் அவ்வளவு குறையாததற்குக் காரணமும் இதுதான்.

4. பாதையைத் தீர்மானியுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்தவர்களுக்கு இரண்டு பாதை. ஒன்று ஏ7: வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கலை, எட்டியாந்தோட்டை, அவிசாவளை. மற்றது கண்டிப் பக்கம் இறங்கி ஏ1இல் கடுகண்ணாவை வழியாக. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, கம்பளை என்று வருகிறவர்களுக்கு இரண்டாவது சரியாக இருக்கலாம். ஹட்டன்காரர்கள் ஏ7ஐ விட்டுக் கண்டியைச் சுற்ற வேண்டியதில்லை. ஏ7 மூடப்பட்டால் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அவிசாவளை தாண்டியதும் பலர் செய்யும் பிழை, நேரே கொழும்புக்குள் போய் பேலியகொடையில் கட்டுநாயக்கப் பாதையைப் பிடிப்பது. தேவையில்லை. லோ லெவல் ரோட்டில் ஹங்வெல்லை வழியாக கடுவெலைக்கு வந்து, அங்கேயே கொழும்பு வெளிச்சுற்று அதிவேகப் பாதையில் ஏறுங்கள். அது கடவத்தை, கெரவலப்பிட்டி வரை போய் கட்டுநாயக்க அதிவேகப் பாதையோடு சேர்கிறது. கொழும்பு டவுனைத் தொடவே வேண்டாம். டிரைவர் பழைய ஆளாக இருந்தால் “நான் எப்பவும் கொழும்பு வழியாத்தான் போவேன்” என்பார். முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். சுங்கக் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் அப்போதே பேசுங்கள். டிரைவர் அந்தப் பாதையைத் தவிர்ப்பதற்குப் பாதி நேரம் அந்தக் காசுதான் காரணம்.

பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைக்காரர்களுக்கு பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக ஏ4. இரத்தினபுரி வெள்ளத்தில் நிற்கும் நாட்களில் சிலர் வெல்லவாயப் பக்கம் இறங்கி மத்தளையில் தெற்கு அதிவேகப் பாதையைப் பிடிக்கிறார்கள். கிலோமீற்றர் நூற்றுக்கு மேல் கூடும். ஆனால் பெரும்பகுதி ஒரே சீராக ஓடும் பாதை என்பதால் நேரம் அந்த அளவுக்குக் கூடாது. டீசல் செலவும் சுங்கமும் கையைக் கடிக்கும், அது வேறு விஷயம்.

மேப் காட்டும் குறுக்குப் பாதைகளை நம்ப வேண்டாம். நானுஓயாவிலிருந்து ரதல்ல வழியாக ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது. கிலோமீற்றர் குறைவுதான். செங்குத்தான இறக்கம். 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வேனும் மோதிய விபத்தில் 7 பேர் இறந்து போனார்கள். சாமத்தில், பனிமூட்டத்தில், தெரியாத டிரைவரோடு அந்த மாதிரிப் பாதையில் மிச்சப்படும் பத்து நிமிடம் யாருக்கு வேண்டும்?

5. பாதையைத் துண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வேகம் வையுங்கள்

முழுத் தூரத்துக்கும் ஒரே வேகம் வைப்பதுதான் மேலே சொன்ன இரண்டரை மணித்தியாலக் கணக்கைக் கொடுத்தது. நம் பாதை ஒன்றல்ல, நான்கு விதம்.

தோட்டத்து ரோட்டுக்கு மணிக்கு 12 முதல் 15 கிலோமீற்றர் வையுங்கள். குழி, கல், கொழுந்து ஏற்றிய ட்ரக்டர் எதிரே வந்தால் ஒதுங்க இடமில்லை.

மலை ரோட்டுக்கு, அதாவது நுவரெலியாவிலிருந்து கித்துல்கலை தாண்டும் வரைக்கும், 25 முதல் 30. பகலில் முந்திப் போக இடம் கிடைப்பது அபூர்வம். ஒரு மரக்கறி லொறி முன்னால் கிடைத்தால் அதன் வேகம்தான் உங்கள் வேகம். இறக்கம்தானே, சீக்கிரம் போகலாம் என்று நினைக்காதீர்கள். நல்ல டிரைவர் கியரைக் குறைத்து வைத்துத்தான் இறங்குவார். ஏற எடுக்கும் நேரத்துக்கும் இறங்க எடுக்கும் நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் வராது.

அவிசாவளையிலிருந்து கடுவெலை வரை விடியற்காலையில் 35. ஏழு மணிக்குப் பிறகு ஒபிஸ், பள்ளிக்கூட நெரிசல். அப்போது 20க்கு மேல் வைக்காதீர்கள்.

அதிவேகப் பாதையில் 80க்கு மேல் ஓடலாம். ஆனால் ஏறும் வாசல், இறங்கும் வாசல், எயார்போட் நுழைவுச் சோதனை எல்லாவற்றையும் சேர்த்து கடுவெலையிலிருந்து 45 நிமிடம் வையுங்கள். 40 கிலோமீற்றருக்குக் கிட்டத்தான், அரை மணித்தியாலத்தில் முடியும் என்று தோன்றும். வாசலில் நிற்கும் நிமிடங்களை யாரும் எண்ணுவதில்லை.

மேப் காட்டும் நேரம் காருக்கு, அந்த நிமிடத்து நெரிசலுக்கு. பத்துப் பேரும் நான்கு பெட்டியும் ஏற்றிய வேனுக்கு மலைப்பகுதியில் அதோடு கால் பங்கு கூட்டுங்கள்.

6. பின்னாலிருந்து எண்ணுங்கள்

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. காலை 11.00க்கு சென்னை விமானம். வீடு தலவாக்கலைக்கு 8 கிலோமீற்றர் தள்ளிய தோட்டத்தில். வேனில் பயணம்.

11.00 விமானம் புறப்படும் நேரம். அதிலிருந்து மூன்று மணித்தியாலம் கழித்தால் 8.00. இது எயார்போட்டுக்குள் நுழைய வேண்டிய நேரம். பெரும்பாலான விமான நிறுவனங்கள் புறப்பட ஒரு மணித்தியாலம் இருக்கும்போது பெட்டி எடுக்கும் கவுண்டரை மூடிவிடும். அதன் பிறகு அழுதாலும் திறக்காது. வேலைக்குப் போகிறவர்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கவுண்டரும் இருக்கிறது, அரை மணித்தியாலம் கூட வையுங்கள்.

8.00இலிருந்து ஒரு மணித்தியாலத்தைக் கைக்காப்பாகக் கழித்தால் 7.00. டயர் காற்றுப் போவது, மரம் விழுவது, பொலிஸ் நிறுத்துவது எல்லாம் இதற்குள். இதைத் தேநீருக்குச் செலவழிக்கக் கூடாது.

கடுவெலையிலிருந்து கட்டுநாயக்க 45 நிமிடம்: 6.15. அவிசாவளையிலிருந்து கடுவெலை ஒரு மணித்தியாலம்: 5.15. இடையில் சாப்பிட, கழிப்பறை போக அரை மணித்தியாலம்: 4.45. ஹட்டனிலிருந்து அவிசாவளை இரண்டரை மணித்தியாலம்: 2.15. தலவாக்கலையிலிருந்து ஹட்டன் 40 நிமிடம்: 1.35. வீட்டிலிருந்து தலவாக்கலை 35 நிமிடம்: 1.00.

ஆக, சாமம் ஒரு மணிக்கு வேன் அசைய வேண்டும். சென்னையில் 12.20க்கு இறங்கினால் வீட்டு வாசலிலிருந்து 11 மணித்தியாலம் 20 நிமிடம். அதில் விமானத்துக்கு ஒன்று இருபதுதான்.

இதைச் சொன்னால் “என்ன அண்ணே, சும்மா பயமுறுத்துறீங்க, ரெண்டு மணிக்குக் கிளம்பினா என்ன?” என்பார்கள். ஒரு மணித்தியாலம் பிந்தினால் அவிசாவளையை விடும்போது 6.15. ஹங்வெல்லை தாண்டும்போது நெரிசல் பிடித்துக்கொள்ளும். கடுவெலைக்கு ஒரு மணித்தியாலத்தில் போக வேண்டியது ஒன்றரை ஆகும். மேலே இழந்த ஒரு மணித்தியாலம் கீழே ஒன்றரையாகப் பெருகிவிடும். கைக்காப்பு முழுவதும் போய், கடனும் மிஞ்சும்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன் என் தங்கச்சியைத் திருச்சிக்கு அனுப்பும்போது வழியில் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். இருபது நிமிடம் என்று இறங்கியவர்கள் ஐம்பது நிமிடம் கழித்து ஏறினோம். எயார்போட்டில் தங்கச்சி பெட்டியோடு ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. விமானம் கிடைத்தது, ஆனால் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போக நேரமில்லை.

7. மழைக்கும் மாதத்துக்கும் ஏற்ப நேரம் கூட்டுங்கள்

மேலே போட்டது காய்ந்த ரோட்டுக் கணக்கு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் அடிக்கும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் சேர்ந்தது. ஏ7 முழுவதும் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. இந்த மாதங்களில் மலைத் துண்டுக்கு ஒரு மணித்தியாலம் கூட்டுங்கள். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்தைப் பிடிக்கும். அப்போது அந்தப் பக்கத்தவர்கள் கூட்ட வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் இடிமழை பெரும்பாலும் பின்னேரத்தில் வரும். காலைப் பயணம் பரவாயில்லை, மாலையில் கிளம்புகிறவர்களுக்குத்தான் தொல்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையக ரோடுகள் பல இடங்களில் மண்சரிவில் மூடப்பட்டன, ரயில் பாதையும் சேதமானது. அப்படிப்பட்ட வாரத்தில் எந்தக் கணக்கும் நிற்காது. பயணத்துக்கு மூன்று நாள் முன்பிருந்து தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். நீங்கள் போகும் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் அதில் இருந்தால், முந்தின நாள் பகலிலேயே இறங்கி நீர்கொழும்புப் பக்கம் ஒரு இரவு தங்குங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்தால் நிலைமையைக் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் “ரோடு குளோஸ்” செய்திகளில் போன வருடப் படங்களும் சுற்றும், கவனம்.

கூட்டத்துக்கும் நேரம் கூட்டுங்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம். வார இறுதியில் ஹட்டன் டவுனைத் தாண்டவே அரை மணித்தியாலம் போகும். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலக் கொண்டாட்டம். தீபாவளிக்கு முந்திய இரண்டு நாள் கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் மேலே வருவார்கள். கீழே போகும் பக்கம் ரோடு ஓரளவு காலியாக இருக்கும், ஆனால் வேன் கிடைக்காது. இருந்த வேனெல்லாம் அவர்களை ஏற்றப் போயிருக்கும்.

8. பஸ்ஸிலோ ரயிலிலோ போவதென்றால்

தனி ஆள், ஒரு பெட்டி என்றால் பஸ் போதும். ஹட்டனிலிருந்து கொழும்பு நாலரை முதல் ஐந்து மணித்தியாலம். புறக்கோட்டையில் இறங்கி 187 இலக்க பஸ்ஸில் கட்டுநாயக்க. மாறுவதற்கு முக்கால் மணித்தியாலம், போவதற்கு ஒன்று என்று வையுங்கள். பஸ் நிரம்பும் வரை புறப்படாது என்பதையும் மறக்க வேண்டாம். காலை விமானத்துக்கு இது சரிவராது. மாலை 6 மணிக்குப் பிந்திய விமானத்துக்கு மட்டும் பஸ்ஸை நம்புங்கள்.

ரயில் அழகுதான். விமானம் பிடிக்கப் போகும் நாளில் வேண்டாம். மேல்நாட்டுப் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் ரயிலுக்காக ஸ்டேசனில் காத்துக் கிடக்க வேண்டும். ஒன்று பிந்தினால் எல்லாம் பிந்தும். ரயிலில்தான் போவேன் என்றால் ஒரு நாள் முன்னதாகப் போங்கள்.

9. முந்தின நாள்

கணக்கை ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி டிரைவரிடம் கொடுங்கள். “ஹட்டன் 2.15, அவிசாவளை 4.45, கடுவெலை 6.15” என்று மூன்று வரி போதும். எந்த இடத்தில் எத்தனை நிமிடம் பிந்தியிருக்கிறோம் என்று தெரிந்தால்தான் அடுத்த நிறுத்தத்தை விட்டுவிடத் தோன்றும். வெறும் “எட்டு மணிக்கு எயார்போட்” என்று சொன்னால், பிந்தியது கடுவெலையில்தான் தெரியும்.

டீசலும் டயரும் முந்தின நாள் பின்னேரமே பார்த்திருக்க வேண்டும். சாமத்தில் எந்தப் பெட்ரோல் ஷெட் திறந்திருக்கும்? டிரைவர் அன்றைக்கு இரவு ஹயர் போய் வந்தவராக இருக்கக் கூடாது. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒருமுறை நான் பேசிவிட்ட வேனில் டிரைவர் கண் சொக்கியதைப் பயணி பார்த்து, எட்டியாந்தோட்டையில் ஒரு மணித்தியாலம் தூங்க வைத்துத்தான் கிளம்பினார்களாம். கைக்காப்பு இருந்தது, பிழைத்தார்கள்.

எத்தனை பேர் வழியனுப்ப வருகிறார்கள் என்பதை முடிவு செய்யுங்கள். சித்தப்பா வீடு, மாமா வீடு என்று ஆளுக்கொரு லயத்தில் ஏற்றிக்கொண்டு போனால், ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம். எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கட்டும். கோவில் கும்பிடுவதை முந்தின நாள் மாலைக்கு மாற்றுங்கள். புறப்படும் நேரம் ராகுகாலத்தில் விழுந்தால், நேரத்தைப் பிந்திப் போடாதீர்கள், முந்திப் போடுங்கள். இல்லையென்றால் நல்ல நேரத்தில் ஒரு பையைப் பக்கத்து வீட்டில் எடுத்து வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. எங்கள் ஆத்தா சொன்ன வழி அது, யாருக்கும் மனக்குறை வராது.

வளைவில் வாந்தி வருகிறவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். பைகளும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மாத்திரை எடுப்பதென்றால் கிளம்ப அரை மணித்தியாலம் முன்பே எடுக்க வேண்டும், கினிகத்தேனையில் தலை சுற்றிய பிறகல்ல. மூன்று தடவை வண்டியை நிறுத்தினால் அரை மணித்தியாலம் போய்விடும்.

10. திரும்பி வரும்போது

வரும்போது பின்னோக்கி எண்ணத் தேவையில்லை, ஆனால் வேன்காரருக்குச் சொல்லும் நேரம் முக்கியம். விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். குடிவரவு வரிசை, பெட்டி வரும் வரை காத்திருப்பது, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலம் ஆகும். இரவு 10.00க்கு இறங்கினால் 11.15க்கு வரச் சொல்லுங்கள்.

அப்படி இரவில் இறங்குகிறவர்கள் நேரே மேலே ஏற வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. கித்துல்கலைக்கு மேலே போகும்போது சாமம் மூன்று ஆகியிருக்கும். பனிமூட்டம் அந்த நேரத்தில்தான் ரோட்டில் படுத்துக் கிடக்கும், டிரைவருக்குத் தூக்கம் வருவதும் அப்போதுதான். நீர்கொழும்பிலோ அவிசாவளையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் படுத்துவிட்டு, விடிந்து கிளம்புங்கள். வீட்டுக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம்.